நடக்காத எட்டு வகுப்புகள்

மகனே,

இந்நேரம் உனக்கு என்னிடமிருந்து ஒரு கோப்பு வந்திருக்க வேண்டும். ஒரு வாரமாக நீ அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாய். வரும் திங்கட்கிழமை கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேரப்போகிறாய். சேருவதற்கு முன்பே உன் துறைத்தலைவர் உனக்கு இரண்டு பாடங்களோடு மூன்றாவதாக ‘மாணவர் நலவாழ்வும் பொழுதுபோக்கும்’ என்பதையும் ஒதுக்கிவிட்டார். புதிதாக வருகிறவர் தலையில்தான் அதைக் கட்டுவார்கள். நீ சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னாய். “அம்மா, நீதான் மூணு வருஷமா கோஆர்டினேட்டர். உன் ஃபைலை அனுப்பு. காலேஜ் பேரையும் தேதியையும் மட்டும் மாத்திக்கறேன்.” நானும் “சரிடா” என்றேன். அன்று மாலையே கோப்பைத் திறந்தேன். அனுப்பவில்லை. அனுப்பப்போவதும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் எழுதி முடித்திருக்கலாம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. உன் அப்பாவிடமே பாதி விஷயத்தைத்தான் சொல்வேன். ஆனால் நீ கேட்ட அதே கோப்பை உனக்கு முன்னால் ஏழெட்டுக் கல்லூரிக்காரர்கள் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். ‘ரொம்ப நீட்டா இருக்கு மேடம்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அவர்களுக்கும் இது போய்ச்சேர வேண்டும் என்பதால்தான் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியை நீ பார்த்திருக்கிறாய். செங்கல்பட்டு–திருப்போரூர் சாலையில், ஏரிக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகை மட்டும் கட்டடத்தைவிட உயரமாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள், அவர்கள் நலனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றது. ஏன் அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தேர்வு வைப்பதைப் பற்றியோ, விடுதித் தண்ணீரைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. தீர்வாக இன்னொரு பாடம் வந்தது. இரண்டு கிரெடிட், முப்பது மணி நேரம், எழுபத்தைந்து சதவீத வருகை கட்டாயம். குறைந்தால் பருவத்தேர்வு எழுத முடியாது. அதற்கு நேரம் எங்கே என்று அட்டவணையைப் பார்த்தார்கள். கடைசி மணி நூலக நேரமாக இருந்தது. நூலகத்துக்குப் பத்துப் பேர் போவார்கள். மீதிப் பேர் வேப்பமரத்தடியில் அரட்டை அடிப்பார்கள், பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்குவார்கள், திருப்போரூர்ப் பக்கம் போகிற பெண்கள் மூன்று ஐம்பது பேருந்தைப் பிடிப்பார்கள். பிள்ளைகளுக்கு இருந்த ஒரே ஓய்வு அதுதான். அதைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஓய்வைப் பாடமாக நடத்தினோம்.

வேதியியலுக்குச் சேர்க்கை குறைந்திருந்தது, எனக்கு வகுப்பு குறைவு, அதனால் பொறுப்பு எனக்கு வந்தது. பாடம் நடத்தச் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் பயிற்றுநர் ஒருவரை அனுப்பியது. சிரித்த முகம் வரைந்த மஞ்சள் ரப்பர் பந்துகளை ஒரு மூட்டை நிறையக் கொண்டுவருவார். ஆளுக்கொன்றாகக் கொடுத்து, பிசையச் சொல்வார். தைல வாசனை மெழுகுவத்தி ஏற்றுவார். அடைத்த கருத்தரங்கக் கூடத்தில் அறுபது பேரின் வியர்வையோடு அந்தத் தைலமும் சேர்ந்து அடிக்கிற நெடி இருக்கிறதே, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். பந்தின் ரப்பர் நாற்றம் கையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். சோப்புப் போட்டாலும் போகாது. முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது மோசடி என்று. தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? கோப்பை மிகச் சுத்தமாகத் தயாரித்தேன். என் சுபாவம் அது. நம்பாத வேலையைத்தான் பிசகில்லாமல் செய்வேன். நம்பிச் செய்திருந்தால் எங்கேயாவது தடுக்கியிருப்பேன்.

மாமல்லபுரம் கடற்கரைக்கு ஒரு நாள் கூட்டிப்போனதைச் சொல்ல வேண்டும். ‘திறந்தவெளி மகிழ்ச்சி அமர்வு’ என்று அதற்குப் பெயர். மூன்று பேருந்து. காலை பத்து மணி வெயிலில் மணலில் வரிசையாக நிறுத்தி, “ஹா ஹா ஹோ ஹோ, எனர்ஜி பத்தல, எனர்ஜி!” என்று பயிற்றுநர் கத்தினார். மேலே ஒரு டிரோன் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் படகு நிழலில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா டீச்சரம்மா, இந்தப் பசங்களுக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் இல்லம்மா. சிரிப்புப் பயிற்சி.”

“யாருனா ஜோக்கு சொன்னாங்களா?”

“இல்ல. தானா சிரிக்கணும்.”

“மார்க்கு உண்டா இதுக்கு?”

“உண்டு.”

“அப்ப ஒயுங்கா சிரிக்கச் சொல்லு. அதோ அந்த செவப்புச் சட்ட வாயே தொறக்கல, பெயிலாப் பூடப் போவுது.”

பக்கத்தில் இருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. பிறகு பயிற்றுநர் வந்து, படத்தில் பின்னால் படகு தெரிகிறது, கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இத்தினி பேர நிக்க வச்சிகினு கீற, என்னாண்ட கேக்கற? தள்ளச் சொல்லு அண்ணாத்த. அதுவும் எக்சசைசுதான்.” பையன்களும் பெண்களும் ஓடிப்போய் ஒரு கை போட்டார்கள். படகு நகரவில்லை, இரண்டு பேர் மணலில் விழுந்தார்கள், விழுந்தவர்கள் மேல் இன்னும் நாலு பேர். ஒரே கூச்சல், சிரிப்பு. டிரோன் அப்போது பேட்டரி மாற்றக் கீழே இருந்தது. என் அறிக்கையில் அந்தப் பத்து நிமிடத்தை ‘கால தாமதம்’ என்று எழுதினேன்.

இந்தப் பாடத்துக்கு ஒரு மனநிலைக் குறிப்பேடு உண்டு. ஒவ்வொரு வகுப்பு நாளும் மாணவர் தன் மனநிலைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் கொடுத்து, கீழே இரண்டு வரி எழுதி, எண்களை வரைபடமாகப் போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நானோ இருபது வருடமாக ஆய்வக ரெக்கார்டு நோட்டுத் திருத்துகிறவள். டைட்ரேஷன் சோதனையில் ஒருவருடைய அளவு மற்றவர்களோடு ஒத்துப்போகாவிட்டால் ‘ரிப்பீட்’ என்று சிவப்பு சீல் வைத்துத் திருப்பிக் கொடுப்போம். பிள்ளைகளுக்கும் அது பழக்கம். முதல் நாளே கேட்டார்கள், “மேடம், எவ்ளோ வரணும்?” என்று. நான் சிரிக்கவில்லை. “ஏழு, எட்டு இருந்தா நல்லது” என்றேன். இரண்டாவது வாரத்தில் வகுப்பே எட்டில் நின்றது.

போன பருவத்தில் மகேஸ்வரி என்று மூன்றாம் வருட வேதியியல் மாணவி ஒருத்தி மட்டும் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு என்று போட்டிருந்தாள். திருப்போரூருக்கு உள்ளே ஒரு கிராமம். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா கட்டட வேலைக்குப் போய், பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அம்மா மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறார், மாலை முறை. மகள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டால்தான் அம்மா கிளம்ப முடியும். எங்கள் துறையில் கை அவ்வளவு நிதானமான பெண் சமீபத்தில் வந்ததில்லை. படிப்பை முடித்து மறைமலைநகர்ப் பக்கம் ஏதாவது ஒரு மருந்துத் தொழிற்சாலை ஆய்வகத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. அந்த வேலை வந்தால் அம்மா மாலை முறையை விட்டுவிடலாம். அவளைக் கூப்பிட்டேன். கல்லூரிக்குத் தரம் போடுகிற தரச்சான்றுக் குழு வரப்போகிறது, உன் வரைபடம் மட்டும் தரையோடு கிடக்கிறது, ஒரு ஆறாவது போடு என்றேன். அவள் கேட்டாள், “ஆறுன்னா எப்படி மேடம் இருக்கும்?”

திமிர் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். திமிர் இல்லை. நிஜமாகவே கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “ஏழுக்குக் கொஞ்சம் கீழே.” சொல்லிவிட்டு, அந்தப் பக்கங்களில் ரிப்பீட் சீலைக் குத்தினேன். மறுநாள் எல்லாவற்றையும் அழகாக மாற்றி எழுதிக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போட்டேன். அந்தப் பருவத்தில் வந்த குழுவினர் எங்கள் மனநிலை வரைபடங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இங்கே உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு நினைவிருக்கும், ஆனால் நாம் பேசியதில்லை. உன் கல்லூரியில் இந்தப் பாடம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. மூன்றாம் வருடம் படித்தபோது நீ இளைத்துப்போயிருந்தாய். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பாதிச் சோறு அப்படியே இருக்கும். “என்னடா” என்றால் “ஒண்ணும் இல்லம்மா” என்பாய். அந்தப் பருவத்தின் மதிப்பெண் பட்டியல் வந்தது. நலவாழ்வுப் பாடத்தில் மிக உயர்ந்த கிரேடு. நான் அதைப் பார்த்துவிட்டு உன் அப்பாவிடம், “பரவாயில்லை, பையன் நல்லாத்தான் இருக்கான்” என்று சொன்னேன். இரண்டு வருடம் கழித்துத்தான் நீ சொன்னாய், பதினோரு நாள் கல்லூரிக்கே போகாமல் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பெஞ்சில் மாலை வரை உட்கார்ந்திருந்தாய் என்று. அந்த நாட்களில் நலவாழ்வு வகுப்பில் உன் நண்பன் உன் பெயருக்குக் குரல் கொடுத்து பிராக்ஸி போட்டிருக்கிறான். பதிவேட்டில் நீ மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாய். நீ இதைச் சொன்னபோது நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கிரேடை நம்பிய அளவுக்கு உன் முகத்தை நம்பவில்லை என்பதை அன்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவும் தெரிந்த பிறகும் என் கல்லூரியில் அதே வேலையைச் செய்தேன், பார்.

போன பருவத்தின் முடிவில் வருகைக் கணக்கு எடுத்தோம். மகேஸ்வரிக்கு முப்பதுக்குப் பதினெட்டு. அறுபது சதவீதம். வேறு எந்தப் பாடத்திலும் குறைவில்லை, நலவாழ்வில் மட்டும். தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியலில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அவள் அம்மாவை வரச் சொன்னோம். ஓட்டல் சீருடையிலேயே வந்திருந்தார். முதல்வர் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“இன்னா சார் இது, சிரிக்கிற கிளாஸுக்கு வரலன்னு பரீச்ச எயுத வுட மாட்டீங்களாமே?”

முதல்வர் பொறுமையாகத்தான் பேசினார். “விதி அப்படிம்மா. ஆனா ஒரு வழி இருக்கு. பொண்ணுக்கு மன அழுத்தம், அதனால வர முடியலன்னு டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க. விலக்கு கொடுத்துடலாம்.”

“அப்பிடின்னா?”

“மனசு சரியில்லன்னு ஒரு பேப்பர். அவ்வளவுதான்.”

“எம் பொண்ணுக்கு மண்ட சரியில்லன்னு நானே எயுதி வாங்கினு வரணுமா? நல்லா கீற புள்ளைய?”

அவர் போகத் திரும்பினார். நான்தான் தாழ்வாரத்தில் தடுத்து நிறுத்தினேன். இது வெறும் பேப்பர், ஒரு பருவம் வீணாகிவிடும், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றேன். “எயுதினா எயுதினதுதான மேடம்” என்றார். என் படிப்பும் என் குரலும் அவரை ஜெயித்தன. செங்கல்பட்டில் ஒரு மருத்துவரிடம் நானே பேசி ஏற்பாடு செய்தேன். மனநலம் கற்பிக்கிற வகுப்புக்கு வராததால், மனநலம் இல்லை என்று சான்று வாங்கி, மகேஸ்வரி தேர்வு எழுதினாள். எழுதி, துறையிலேயே முதலாவதாக வந்தாள். ஒரு நல்ல காரியம் செய்ததாக எனக்குத் திருப்திகூட இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போது மிகவும் அருவருப்பாக இருக்கிறது.

போன வாரம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வுக்குப் பட்டியல் ஒட்டினார்கள். ஆய்வகப் பயிற்சியாளர் வேலை. துறையில் முதலாவதாக வந்தவள் பெயர் அதில் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலரிடம் போய்க் கேட்டேன். கணினியைத் திருப்பிக் காட்டினார். “நலவாழ்வு ஃபைல்ல அவளுக்கு மனநலக் குறிப்பு இருக்கே மேடம். கெமிக்கல் கையாளுற வேலை. நாளைக்கு ஒண்ணுன்னா யார் பொறுப்பு?” அந்தக் ‘குறிப்பு’ என்கிற கட்டத்தைப் படிவத்தில் சேர்த்தவளும் நான்தான். இருந்தால் முழுமையாக இருக்குமே என்று சேர்த்தேன். சான்று உண்மையில்லை என்று சொன்னால், அதைக் காட்டி எழுதிய தேர்வு செல்லாது. உண்மை என்று விட்டால் வேலை இல்லை. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதற்கு மறுநாள்தான் நீ கோப்பைக் கேட்டாய்.

உனக்காகத் தேதிகளை மாற்ற உட்கார்ந்தேன். வகுப்பு நடந்த நாட்களைச் சரிபார்க்க, பயிற்றுநரோடு போனில் பரிமாறிய செய்திகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ‘மேம், டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன், இன்னிக்கு ஸ்கிப் பண்ணிக்கலாமா’ என்று ஒரு செய்தி. கூப்பிய கை படம். ‘சரி’ என்று என் பதில். அப்படி எட்டு. அந்த எட்டு நாளும் வகுப்பு நடக்கவில்லை. பிள்ளைகள் கருத்தரங்கக் கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது மணி நேரம் கணக்கில் வர வேண்டும் என்பதால், வகுப்புத் தலைவன் எழுதிக் கொடுத்த பெயர்களை வைத்து, நடந்ததாகவே பதிவேட்டை நிரப்பினேன். தலைப்பும் போட்டேன்: ஆழ்ந்த மூச்சு, நன்றியுணர்வு, நேர்மறைச் சிந்தனை. இது எனக்குத் தெரியாததில்லை, நானே செய்ததுதான். ஆனால் மகேஸ்வரியின் பக்கத்தை அதோடு சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. அவள் ‘வரவில்லை’ என்றிருந்த பன்னிரண்டு நாளில் எட்டு, நடக்காத வகுப்புகள். வகுப்பு இல்லையென்று தெரிந்ததும் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். எட்டைக் கழித்தால் இருபத்திரண்டுக்குப் பதினெட்டு. எண்பதைத் தாண்டுகிறது. அவளுக்குக் குறைவே இல்லை. அந்தச் சான்றே தேவைப்பட்டிருக்கவில்லை. நிஜமாக நடந்த வகுப்புகளில் பதினெட்டு நாள் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பதினெட்டு நாளும் அவள் அம்மா வேலைக்குத் தாமதமாகப் போயிருப்பார்.

மறுநாள் காலை முதல்வரைப் பார்த்தேன். இந்த எட்டு வகுப்பும் நடக்கவில்லை, கணக்கைத் திருத்துங்கள், அந்தச் சான்றை ரத்து செய்யுங்கள் என்றேன். கதவைச் சாத்தச் சொன்னார். “குழுகிட்ட கொடுத்த அறிக்கைல முப்பதுன்னு போட்டிருக்கோம் மேடம். நீங்கதான் போட்டீங்க. ஒரு பொண்ணுக்காகக் காலேஜையே பொய்யாக்கப் போறீங்களா? அடுத்த வருஷம் வேற கம்பெனி வராதா?” பிறகு குரலை இறக்கினார். “நீங்க ரொம்ப டென்ஷனா இருக்கீங்க. ஆசிரியர்களுக்கும் ஒரு நலவாழ்வு முகாம் போடப்போறோம், மாமல்லபுரத்துல, ரெண்டு நாள். நீங்க முதல்ல போயிட்டு வாங்க.” அவர் கிண்டல் செய்யவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு அந்தத் தைல நெடி அந்த அறையிலேயே அடித்தது.

எங்கள் கல்லூரியில் நேரில் சொன்னதற்கு மதிப்பில்லை என்று உனக்குத் தெரியும். தபால் பிரிவில் எண் விழுந்தால்தான் ஒரு காகிதம் பிறந்ததாகக் கணக்கு. எல்லாவற்றையும் எழுதி, மகேஸ்வரியின் மனநலக் குறிப்பை நீக்க வேண்டும் என்றும் சேர்த்து, எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அங்கே இருபது வருடமாக இருக்கிற எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“எட்டு கிளாஸு நடக்கல, நடந்த மாரி நான்தான் எயுதினேன்னு நீங்களே எயுதிக் கீறீங்க.”

“ஆமா.”

“பெரியவராண்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். வேணாம்னார்.”

“அப்பால இன்னாத்துக்கு மேடம் பேஜாரு? நம்பர் போட்டுட்டா நானே நெனச்சாலும் கியிக்க முடியாது, தெரிஞ்சிக்கோங்க.”

“அதுக்குத்தான் வந்தேன். போடுங்க.”

“இத்தினி வருசத்துல தப்பு பண்ணேன்னு ஒரு டீச்சர் எயுதிக் குடுத்து நான் சீல் போட்டதில்ல” என்று சொல்லிக்கொண்டே ஓங்கிக் குத்தினார். நகலை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலரிடம் போனேன். அவர் கடிதத்தைப் படிக்கவே இல்லை. மேலே எண் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, மகேஸ்வரியின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார். உண்மையா பொய்யா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. என் பொய் எவ்வளவு சுலபமாக உள்ளே போனதோ அதே சுலபத்தோடு உண்மையும் போனது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஆய்வகத்தில் மகேஸ்வரியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த பியூரெட் குழாயைக் கழுவி, தலைகீழாக மாட்டிவிட்டுத்தான் திரும்பினாள். “நான் அன்னன்னிக்கே டைரில எழுதியிருந்தேன் மேடம். ‘இன்னிக்கு சார் வரல, கிளாஸ் இல்ல, வூட்டுக்குப் போறேன்’னு. எட்டு தபாவும் எழுதினேன். அதுலயும் நீங்க ரிப்பீட் சீல் போட்டீங்க. அதான் மாத்தி எழுதிட்டேன்.”

அந்தப் பக்கங்களை நான் படித்திருக்கிறேன். குழு பார்க்கும் குறிப்பேட்டில் ‘கிளாஸ் இல்ல’ என்று இருக்கக்கூடாதே என்றுதான் சீல் வைத்திருப்பேன். நினைவில்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குக் கேவலமாக இருந்திருக்கும். “அந்த டாக்டர் பேப்பர் எங்க மேடம்?” என்று மட்டும் கேட்டாள். கோப்பிலிருந்து அதை உருவி எடுத்து வந்திருந்தேன். கொடுத்தேன். கிழிப்பாள் என்று நினைத்தேன். நோட்டுக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டாள். “எங்கம்மா கையில குடுக்கணும். அவங்கதான் கிழிக்கணும்.”

நேர்முகத் தேர்வு வியாழக்கிழமை நடந்தது. நேற்று முடிவு ஒட்டினார்கள். மூன்று பேரை எடுத்திருக்கிறார்கள், அவள் பெயர் இரண்டாவது. என்னிடம் வந்து சொல்லவில்லை. நான் பிள்ளைகளோடு பிள்ளையாக அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது, விசாரிக்க ஒரு குழுவும் போட்டிருக்கிறார்கள். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். உன் அப்பாவிடம் முழுவதையும் சொல்லிவிட்டேன், பாதியாகச் சொல்லவில்லை. அவர் “சமாளிச்சுக்கலாம்” என்றார். நீ கேட்ட கோப்பு இப்போது விசாரணைக் குழுவின் மேசையில் இருக்கிறது. அதன் நகல்கள் ஏழெட்டுக் கல்லூரிகளில் பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அங்கெல்லாம் என் ஆழ்ந்த மூச்சுகள் நடந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பாடத்தை வாங்காதே என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, புதிதாகச் சேருகிறவனால் அது முடியவும் முடியாது. வாங்கிக்கொள். அறுபது பேரோடு அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வதென்று உனக்கே தெரியும். அந்த வயதில் உனக்கு என்ன வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. பதிவேடு ஒன்று கொடுப்பார்கள். வகுப்பு நடக்காத நாளில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடு. பார்க்க அசிங்கமாக இருக்கும். என்ன இது என்று கேட்பார்கள். அன்று வகுப்பு நடக்கவில்லை என்று சொல். மூன்றே சொல். அதைச் சொல்ல எனக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

அம்மா